வாசற்படியில் விழுந்தாலும் விபத்துதான்

திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் கிழக்கு வெளுப்பதற்கு முன்பே வீடுகள் விழித்துவிடும். தொழுவில் லைட் எரியும், வாசல் தெளிக்கிற சத்தம் கேட்கும். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி விடியலில், தெளித்த ஈரம் காயாத சிமென்ட் படியில் என் பெரியம்மாவுக்குக் கால் வழுக்கியது. ஒரு கையில் வாளி, மறு கையில் கோலப்பொடிக் கிண்ணம். ஊன்றுவதற்குக் கை இல்லை. குப்புற விழுந்தவரின் தாடை மேல்படியின் விளிம்பில் மோதியது. தலை பின்பக்கமாக மடங்கித் திரும்பியது. அப்போது அவருக்கு 72 வயது. தாடையில் ஒரு சின்ன வெட்டு, அதில் கொஞ்சம் ரத்தம். வெளியே தெரிந்த காயம் அவ்வளவுதான்.

“கை ரெண்டும் தீயா எரியுதுப்பா” என்றார். அதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. அந்த வார்த்தையை யாரும் காதில் வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை. ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தோம். பக்கத்து வீட்டு அண்ணன் ‘சுளுக்கா இருக்கும்’ என்று கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். தைலம் தேய்த்தோம். ஆட்டோவில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோனோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் தலை முன்னும் பின்னுமாக ஆடியது. போன இடத்தில் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தக்கட்டு இல்லை, எலும்பு முறிவு இல்லை. வலிக்கு ஊசி போட்டு, “வயசாயிருச்சுல்ல, கொஞ்சநாள் படுத்து எந்திரிக்கட்டும்” என்று அனுப்பிவைத்தார்கள்.

நான்காம் நாள் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. ‘வாதம்’ என்றது ஊர். வாதத்துக்குப் பேர்போன இடத்துக்குக் கூட்டிப்போய் எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டார்கள். ஒன்பதாம் நாள்தான் மதுரையில் எம்ஆர்ஐ எடுத்தோம். கழுத்தின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே தண்டுவடம் கன்றிப்போயிருந்தது. எலும்பு ஒன்றுகூட உடையாமல் தண்டுவடம் அடிபடும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்றைக்குப் பெரியம்மா நடக்கிறார். மெதுவாக, கால் கொஞ்சம் விறைத்தாற்போல, திருமேனிநாதர் கோயில் வரைக்கும்கூடப் போய்வருகிறார். ஆனால் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முடியாது. சேலைக் கொசுவத்தை விரலில் எடுத்து மடிக்க முடியாது. முப்பது வருடம் மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிச் சம்பாதித்த கை அது. இப்போது தரையில் கிடக்கிற ஒரு ரூபாய்க் காசை எடுக்க அதற்கு வலுவில்லை. பார்க்க வருகிறவர்கள், “அதான் நடக்குறாகள்ல, பெறகென்ன?” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் பெரியம்மா தன் இரண்டு கைகளையும் மடிக்குள் எடுத்து வைத்துக்கொள்கிறார்.

கால் நடக்கும், கை விளங்காது என்ற இந்த நிலைக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. மையத் தண்டுவடப் பாதிப்பு என்பார்கள். ரிச்சர்ட் ஷ்னைடர் என்ற அமெரிக்க மருத்துவர் 1954-ல் இதை விவரமாக எழுதினார். வயதானவர் முகம் மோத விழுகிறார். கழுத்து பின்னால் வளைகிறது. ஏற்கெனவே குறுகிப்போன எலும்புக் குழாய்க்குள் தண்டுவடம் முன்னும் பின்னும் நசுங்குகிறது. கைகளுக்குப் போகிற நரம்பு இழைகள் அதிகமாக அடிபடுகின்றன. கழுத்துப் பகுதியில் அந்தக் குழாயின் விட்டம் சாதாரணமாக 17 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 13-க்குக் கீழே போனால் குறுகல் என்று கணக்கு. தண்டுவடம் நம் சுண்டுவிரல் கனம். வயதாக ஆக எலும்பு ஓரங்களில் முள்போல வளர்ச்சி வருகிறது, சவ்வு தடிக்கிறது, நடுவில் உள்ள வட்டு சப்பிப்போகிறது. இளவயதில் தாராளமாக இருந்த இடம் எழுபது வயதில் இழுத்துப் போர்த்தியதுபோல் ஆகிவிடுகிறது. அந்த நிலையில் மாடியிலிருந்தோ மரத்திலிருந்தோ விழ வேண்டியதில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்தாலே போதும்.

இந்த வானம்பார்த்த சீமையில் வாழ்ந்த கழுத்துகளை நினைத்துப் பாருங்கள். ஊருணியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவை. வேலிக்கருவை விறகுக் கட்டைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தவை. கரிமூட்டத்தில் கரி அள்ளிச் சாக்கு தூக்கியவை. அருப்புக்கோட்டைத் தறிக்குழிகளில் நாள் முழுக்கக் குனிந்தே இருந்தவை. தலைச்சுமை கழுத்து எலும்புத் தேய்மானத்தை விரைவாகக் கொண்டுவருகிறது என்பது ஆப்பிரிக்க நாடுகளில் சுமைதூக்குவோரிடம் செய்த ஆய்வுகள் சொன்ன செய்தி. நம் ஊர்ப் பெண்களின் கழுத்தை யாரும் அப்படி உட்கார்ந்து படித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அறுபது வயதுக்கு மேலும் நூறுநாள் வேலைக்கு மம்பட்டியோடு போகிறவர்கள், வேப்பமுத்து பொறுக்குகிறவர்கள், ஆட்டுக்குக் கொப்பு ஒடிக்க மரத்தில் கால் வைக்கிறவர்கள் இன்றைக்கும் இங்கே இருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். பல வீடுகளில் விளக்கேற்ற இருப்பது வயதானவர் ஒருவர் மட்டும்தான்.

விழுவதற்கு வேண்டிய எல்லாம் அந்த வீட்டிலேயே இருக்கிறது. பழைய சாணி மெழுகிய தரை போய், தண்ணீர் பட்டால் வழுக்குகிற டைல்ஸ் வந்துவிட்டது. கழிப்பறை வந்தது, நல்லது. ஆனால் அது கொல்லையில் இருக்கிறது, போக மூன்று படி ஏற வேண்டும், வழியில் லைட் இல்லை, பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி இல்லை. ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்க வைக்கும் சர்க்கரை நோய். அதே சர்க்கரையால் மரத்துப்போன பாதம். பிரஷர் மாத்திரை போட்டவருக்குச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். புரை விழுந்த கண்ணுக்குப் படியின் விளிம்பு தெரியாது. கோடையில் புழுக்கம் தாங்காமல் கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடியில் படுக்கிறார்கள். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுந்து திசை தப்புகிறவர்கள் உண்டு. மகனுடைய வண்டியில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, பிடிமானம் இல்லாமல் பையை அணைத்துக்கொண்டு போகிற பாட்டிகளைத் தினமும் பார்க்கிறோம். டவுன் பஸ்ஸில் முதல் படி அவர்கள் முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது. ஏறி ஒரு கம்பியைப் பிடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது.

உலகம் முழுக்கத் தண்டுவடம் அடிபடுகிறவர்களின் வயது மாறிவருகிறது. அமெரிக்காவில் 1970-களில் தண்டுவடக் காயம் பட்டவர்களின் சராசரி வயது 29, இப்போது 43. மூத்த மக்கள் நிறைந்த ஜப்பானில் 2018-ஆம் ஆண்டுக்கு எடுத்த நாடு தழுவிய கணக்கில், அடிபட்டவர்களின் நடுவயதே 70. காரணங்களில் முதலிடம் பிடித்தது சமதரையில் கால் இடறி விழுந்தது. வாகன விபத்து அதற்குப் பிறகுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் தண்டுவடப் பாதிப்போடு வாழ்கிறார்கள். கீழே விழுந்து உயிரிழப்பவர்கள் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர். தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021-ல் மக்கள்தொகையில் 13.6 விழுக்காடு, 2031-ல் 18.2 விழுக்காடு ஆவார்கள் என்று மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது. ஜப்பான் இன்று நிற்கிற இடத்துக்கு நாம் போய்க்கொண்டிருக்கிறோம்.

என் வாதம் ஒன்றுதான். வயதானவர் வீட்டில் விழுவதை நாம் விபத்தாக நினைப்பதில்லை. வீடும் நினைப்பதில்லை, ஊரும் நினைப்பதில்லை, அரசின் திட்டங்களும் நினைப்பதில்லை. அந்த நினைப்பு இல்லாததால் முதல் ஒரு மணி நேரத்தில் தொடங்கிக் கடைசி வரைக்கும் தவறு மேல் தவறு நடக்கிறது.

2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. தொடங்கியபோது ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்துக்காரர் என்றெல்லாம் கேட்க வேண்டியதில்லை. தனியார் மருத்துவமனையிலும் செல்லும். எத்தனையோ குடும்பங்களுக்கு அது உயிர் கொடுத்திருக்கிறது. அந்தத் திட்டத்தை மனமாரப் பாராட்டுகிறேன். அதனால்தான் இதைக் கேட்கிறேன்: என் பெரியம்மாவை வாசலுக்கு எதிரே தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் இடித்திருந்தால் அவர் அந்தத் திட்டத்துக்குள் வந்திருப்பார். நாலடி தள்ளி, தன் வாசற்படியில் விழுந்ததால் வரவில்லை. தண்டுவடத்துக்குத் தெருவும் தெரியாது, வாசற்படியும் தெரியாது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அறுவை சிகிச்சைக்கு அது பெரிய துணை. நான் பேசுவது பணத்தைப் பற்றி மட்டும் இல்லை. ‘விபத்து’ என்று பதிவேட்டில் ஏறியவுடனே மருத்துவமனை வேறு மாதிரி இயங்குகிறது. கழுத்துப் பட்டை வருகிறது, பலகை வருகிறது, எலும்பு மருத்துவரையும் நரம்பு அறுவை மருத்துவரையும் கூப்பிடுகிறார்கள். ‘வயதானவர், வழுக்கி விழுந்தார்’ என்று எழுதினால் புறநோயாளி வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. தண்டுவடம் நசுங்கியிருக்கிறது என்று தெரிந்தால், 24 மணி நேரத்துக்குள் அந்த அழுத்தத்தை அறுவை சிகிச்சையால் நீக்குவது பலருக்கு நல்ல பலன் தருகிறது என்பது மருத்துவ உலகம் இன்று பெரிதும் ஏற்றுக்கொண்ட கருத்து. எல்லா முதியவருக்கும் அறுவை தேவைப்படாது. யாருக்குத் தேவை என்று முடிவு செய்வதற்காவது சரியான கையில் சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அடிபட்ட இடத்தில் அடுத்த சில மணி நேரங்களில் வீக்கம் கூடுகிறது. ரத்த அழுத்தம் இறங்கினால் தப்பிப் பிழைத்த நரம்புகளும் பட்டுப்போகின்றன. நாங்கள் பெரியம்மாவுக்கு ஒன்பது நாளைத் தொலைத்தோம்.

திருச்சுழியிலிருந்து மதுரை இராசாசி மருத்துவமனைக்கு வண்டி வேகமாகப் போனாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. 2022 ஜனவரி 12-ல் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபோது இந்தப் பக்கத்து மக்களுக்கு அது பெரிய நிம்மதி. நரிக்குடி, திருச்சுழி, காரியாபட்டி ஒன்றியங்களில் வீட்டில் விழுந்த முதியவர் யாராக இருந்தாலும், கழுத்து வலியோ கை கால் மரத்தலோ இருந்தால் நேரே எந்த மருத்துவமனைக்கு என்று 108 ஊழியருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரே வரியில் எழுதிவைத்த உத்தரவு வேண்டும். இடையில் இரண்டு இடத்தில் இறக்கி ஏற்றுவது அந்தக் கழுத்துக்கு ஆகாது.

அந்த உத்தரவுக்கும் முன்னால் தெருவில் இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டியவை சில இருக்கின்றன. விழுந்தவரைத் தூக்கக் கூடாது. நமக்குக் கை துறுதுறுக்கும். பெற்றவள் தரையில் கிடக்கிறாள் என்றால் மனசு கேட்காது. அப்படியே கிடக்கட்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். விரலை மடக்கச் சொல்லுங்கள், காலை ஆட்டச் சொல்லுங்கள், கிள்ளினால் தெரிகிறதா என்று கேளுங்கள். கை எரிகிறது, உடம்பில் கயிறு கட்டினாற்போல் இருக்கிறது, சிறுநீர் போனதே தெரியவில்லை என்று சொன்னால் சந்தேகமே வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்; அந்த வண்டியில் பலகையும் கழுத்துப் பட்டையும் இருக்கும். வேறு வழியே இல்லாமல் நகர்த்த வேண்டி வந்தால், நாலு பேர் சேர்ந்து, தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்புகிறாற்போல, மரக்கட்டையைப் புரட்டுவதுபோலப் புரட்டி, ஒரு பலகையிலோ கழற்றிய கதவிலோ படுக்க வைக்க வேண்டும். தலைக்கு இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைக்க வேண்டும்.

இதில் முதியவர்களுக்கென்று தனியாக ஒன்று உண்டு, அதைப் பலரும் சொல்வதில்லை. கூன் விழுந்தவரை மட்ட மல்லாக்கப் படுக்க வைத்தால் தலை பின்னால் தொங்கிவிடும்; கழுத்து எந்தத் திசையில் மடங்கி நசுங்கியதோ அதே திசையில் மறுபடி மடங்கும். அவர்களுக்குத் தலைக்கு அடியில் துணியை மடித்து வைத்து, அன்றாடம் எப்படித் தலையைக் குனிந்து வைத்திருப்பார்களோ அதே நிலையில் தாங்க வேண்டும். நிமிர்த்துவதற்கு வம்பு பண்ணக் கூடாது. இந்த ஒரு விஷயத்தை நூறுநாள் வேலை நடக்கிற இடத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் செய்து காட்டினால் போதும், பத்து நிமிட வேலை.

‘வாதம்’ என்ற சொல் செய்கிற கெடுதலையும் சொல்ல வேண்டும். பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத்தான் தாக்கும். வாய் கோணும், பேச்சு குழறும். தண்டுவடம் அடிபட்டால் முகம் மாறாது, பேச்சு தெளிவாக இருக்கும். இரண்டு கையோ இரண்டு காலோ நாலும் சேர்ந்தோ சோர்ந்துபோகும். விழுவதற்குப் பல மாதம் முன்பே சிலருக்கு அடையாளம் காட்டியிருக்கும். சட்டைப் பொத்தான் போட வராது, காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்துபோவார்கள், சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பார்கள். இதையெல்லாம் ‘தள்ளாமை’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். கழுத்தில் தண்டுவடம் மெல்ல மெல்ல நசுங்குகிறது என்பதன் அடையாளங்கள் இவை. முன்கூட்டியே பார்த்தால் சரிசெய்ய வழி இருக்கிறது. எண்ணெய் தேய்ப்பதையோ நம் வைத்தியத்தையோ நான் பழிக்கவில்லை. அடிபட்ட கழுத்தைப் படம் எடுத்துப் பார்க்கும் முன் திருப்புவதும் இழுப்பதும் வேண்டாம் என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன்.

மறுவாழ்வு என்று வரும்போது தமிழ்நாடு தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ள நிறைய இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி அதற்கென ஒரு துறையை நடத்தினார்; 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் பிறந்த எஸ்.ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-ல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது கீழே விழுந்து அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான பயிற்சி அங்கே நடக்கிறது. இவர்கள் இல்லையென்றால் தென்னாட்டில் ‘தண்டுவடம் போனாலும் வாழ்க்கை போகாது’ என்ற எண்ணமே வந்திருக்காது.

ஆனால் கவனித்துப் பாருங்கள், இவர்கள் இருவரும் இளவயதில் அடிபட்டவர்கள். இரண்டாம் உலகப் போரில் 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தொடங்கிய சிகிச்சையும் இளம் சிப்பாய்களுக்கானது. அங்கே 1948-ல் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள், அதுதான் பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது. வேலைக்குத் திரும்புவது, படிப்பைத் தொடர்வது, விளையாடுவது என்று அவர்களுக்கு முன்னால் ஒரு நீண்ட வாழ்க்கை இருந்தது. எழுபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு எந்த வாழ்க்கைக்காகப் பயிற்சி என்று கேட்கிற மனம் நமக்குள் இருக்கிறது. ‘இந்த வயசுல என்னத்துக்கு இவ்வளவு செலவு’ என்று வாய்விட்டுக் கேட்கிறவர்களும் உண்டு. அதைப் பெரியம்மாவே ஒருநாள் கேட்டார். தன் கையால் தானே சாப்பிடுவதற்காக என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். மையத் தண்டுவடப் பாதிப்பு வந்தவர்களில் பெரும்பாலோர் ஓரளவாவது தேறுகிறார்கள். கால் முதலில் தேறும், விரல் கடைசியில். அந்தக் கடைசி வரைக்கும் கூட வர ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நடக்க முடியாமல் படுக்கையோடு போனவர்களின் நிலை இன்னும் கடினம். உணர்வு போன தோலுக்கு வலி தெரியாது. ஒரே பக்கம் படுத்திருந்தால் இடுப்பிலும் குதிகாலிலும் இரண்டொரு நாளில் புண் தொடங்கிவிடும். வயதானவரின் தோல் வெங்காயத் தொலிபோல மெலிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது குட்மன் காலத்திலிருந்து மாறாத விதி. தண்ணீர்ப் படுக்கை வாங்கிப் போட்டுவிட்டால் புரட்ட வேண்டாம் என்று நினைப்பது தவறு. ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று எழுந்து புரட்டுவது யார்? நம் வீடுகளில் அது மருமகள், அல்லது கல்யாணமாகிப் பக்கத்து ஊரில் இருக்கும் மகள். பகலில் அவர்களுக்கு வேலை இருக்கிறது. இந்த உழைப்புக்கு எந்தக் கணக்கிலும் இடம் இல்லை.

சிறுநீர்க் குழாயைச் சொருகிவிட்டால் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கிருமி ஏறி, காய்ச்சல் வந்து, சிறுநீரகம் வரைக்கும் போகிறது. அமெரிக்காவில் ஜாக் லாப்பிடஸ் என்ற மருத்துவர் 1972-ல் எளிய வழி ஒன்றைச் சொன்னார்: கையைச் சுத்தமாகக் கழுவி, நாளைக்கு நாலைந்து முறை மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிவிட்டு, குழாயை எடுத்துவிட வேண்டும். வீட்டில் உள்ள யாரும் பழகிக்கொள்ளலாம். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் நம் கிராமங்களுக்கு இது வந்து சேரவில்லை, காட்டிக்கொடுக்க ஆள் இல்லாததால்.

ஆளை அனுப்புவதற்கு வழி நம்மிடமே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டுவருகிறது. இயன்முறைப் பயிற்சியும் நோய்த்தணிப்புச் சேவையும் அதில் உண்டு. பிரஷர், சர்க்கரை பார்க்க வருகிற அந்தத் திட்டத்துப் பெண் பணியாளர்களிடம் இன்னும் நாலு கேள்வி கொடுத்தனுப்பலாம். போன வருடம் விழுந்தீர்களா? ராத்திரி கழிப்பறைக்குப் போகிற வழியில் லைட் இருக்கிறதா? மாத்திரை போட்டதும் தலை சுற்றுகிறதா? பொத்தான் போட வருகிறதா? தண்டுவடம் அடிபட்டவர் உள்ள வீட்டுக்கு இயன்முறைப் பயிற்சியாளர் வாரம் ஒருமுறையாவது, குறைந்தது ஆறு மாதம் வர வேண்டும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை முதியவர்களுக்குப் போய்ச்சேராமல் நிற்பது பெரும்பாலும் சான்றிதழில்தான். படுத்த படுக்கையாக இருப்பவரை முகாமுக்குத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லாமல், மருத்துவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சான்று தர வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு மதுரையைக் காட்டுகிறேன். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ.வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண் அறுவை சிகிச்சை பழகியவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மருத்துவமனை ஊரைத் தேடிப் போனது. பள்ளிக்கூடத் திண்ணையிலும் சத்திரத்திலும் கண் முகாம் போட்டார்கள். ‘வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும்’ என்று இருந்த கரிசல் சீமையின் மனம் ஒரு தலைமுறைக்குள் மாறியது. இன்றைக்கு அப்பத்தாக்களே, “புரை முத்திருச்சு, ஆப்பரேசன் பண்ணணும்” என்கிறார்கள். ‘வயசானா விழத்தான் செய்யும்’ என்பதையும் அதேபோல மாற்ற முடியும்.

வீடு கட்டித் தருகிற அரசு இன்னொன்றையும் செய்யலாம். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்று 2024-ல் அறிவித்தார்கள். வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். அந்த வரைபடத்திலேயே வாசற்படிக்கு ஒரு கைப்பிடி, கழிப்பறைச் சுவரில் ஒரு கம்பி, அங்கே போக ஒரு லைட், வழுக்காத சொரசொரப்புத் தரை என்று நாலு வரி சேர்க்கச் சொல்லிப் பொறியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டும்போது செய்தால் செலவு தெரியவே தெரியாது. ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்துக்குள் 60 வயது கடந்தவர்களின் வீட்டு விழுகைகளையும், குறைந்தது தலையும் கழுத்தும் முதுகும் அடிபட்டவர்களையாவது, கொண்டுவரச் சொல்லி நலவாழ்வுத் துறையைக் கேட்கிறேன். விபத்துப் பதிவேட்டில் ‘சமதரையில் விழுந்தது’ என்று ஒரு கட்டம் இருக்கட்டும். எத்தனை பேர் என்று எண்ணினால்தான் எத்தனை படுக்கை, எத்தனை பயிற்சியாளர் என்று யாராவது கணக்குப் போடுவார்கள்.

பெரியம்மாவுக்கு இயன்முறைப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த பயிற்சி, முறத்தில் துவரம்பருப்பையும் மொச்சையையும் கலந்து கொட்டி மொச்சையை மட்டும் பொறுக்கி எடுப்பது. முதல் மாதம் ஒன்றுகூட வரவில்லை. இப்போது காலை வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து முப்பது நாற்பது மொச்சை பொறுக்கிவிடுகிறார். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்கின்றன, நடுவிரல் இன்னும் சேரவில்லை. வத்தல் காம்பு ஒன்றைக் கையில் கொடுத்தால் கிள்ளப் பார்க்கிறார், நகம் இறங்க மாட்டேன் என்கிறது.

அவர் விழுந்த படியின் ஓரத்தில் போன ஐப்பசியில் ஜிஐ குழாயில் கைப்பிடி பதித்தோம். கொத்தனார் அரைநாளில் முடித்துவிட்டார். எதிர்வீட்டு அப்பத்தா குச்சியை ஊன்றிக்கொண்டு வந்து, கொஞ்ச நேரம் அதைப் பிடித்து ஏறியும் இறங்கியும் பார்த்தார். குழாயில் நாலடி மிச்சம் இருந்தது. சாந்து காய்வதற்குள் அதை அவர் வீட்டுப் படியில் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கொத்தனார் போனார்.